ஐந்து மணிச் சரவெடி

தெல்ஃபினா விடுதி நடத்த ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ஏரிக்கரையில் ஐந்து அறைகள், பின்னால் கொஞ்சம் காப்பிச் செடி, தகரக் கூரை மேல் சாய்ந்து நிற்கும் ஒரு வெண்ணெய்ப்பழ மரம். எத்தனையோ பேர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பித்து, இரண்டு நாளைக்கு ஒரு தகவல் அனுப்பி, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு அவள் உயிரை வாங்கியது பெல்ஜியத்துக்காரி மார்லீன் ஒருத்திதான்.

அறை சத்தமில்லாமல் இருக்குமா? இதுதான் கேள்வி. மார்லீனும் அவள் கணவர் ஸ்டெஃபானும் பத்து நாள் தங்க வருகிறார்கள். அவருக்குத் தூக்கம் பிடிக்காது. கதவு கிறீச்சிட்டால் போதும், வேர்த்துப் போய் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குவாதமாலாவிலேயே எந்த அறை அமைதியான அறையோ அதுதான் வேண்டும் என்று மார்லீன் நல்ல ஸ்பானிஷில் எழுதினாள்.

தெல்ஃபினாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இது என்ன விடுதியா, கல்லறைத் தோட்டமா? ஆனால் ஒன்றைச் செய்வதாகச் சொல்லிவிட்டால் அவள் பேய் மாதிரி அதன் பின்னாலேயே நிற்பவள். பின்பக்க அறையை ஒதுக்கினாள். கூரையில் தொப்பு தொப்பென்று விழுமே என்று வெண்ணெய்ப்பழங்களைப் பிஞ்சும் காயுமாகப் பறித்துப் போட்டாள். அடுத்த தெரு ஜெபக்கூடத்துக்குப் போய்ப் பாதிரியாரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, ஒலிபெருக்கியின் வாயை ஏரிப் பக்கம் திருப்ப வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மக்காரியோவின் சேவல் இருக்கிறதே, அது மூன்று மணிக்கே கத்தும் கிறுக்குப் பிறவி. அதைப் பத்து நாள் மகள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

"தெல்ஃபினா, என் சேவலை விட உன் வாய்தான் தெருவுக்கே கேக்குது. அதை யார் வீட்டுல கொண்டுபோய் கட்டுறது?" என்றார் மக்காரியோ. ஆனாலும் சேவலைக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் படகுத்துறைக்குப் போனாள். நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரரைத் தேடிக்கொண்டு நின்றவளுக்கு முதல் அதிர்ச்சி அங்கேயே காத்திருந்தது. மார்லீன் பக்கத்தில் பெட்டியோடு நின்றவர் குள்ளமாக, கறுத்த முடியும் அகன்ற கன்ன எலும்புமாக, அசல் இந்தக் கரையின் ஆள். தெல்ஃபினாவின் சித்தப்பா பிள்ளைகளோடு நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. படகோட்டிகூட அவரிடம் இந்தக் கரையின் கக்சிகேல் பாஷையில்தான், 'பார்த்து இறங்குங்க அண்ணே' என்றான். அவர் முகம் சுருங்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அந்தப் பாஷை தெரியாதாம். ஸ்பானிஷும் தெரியாதாம்.

விஷயம் வியாழன் சாயங்காலம் சமையல்கட்டில்தான் வெளியே வந்தது. முந்தின இரண்டு ராத்திரியும் ஸ்டெஃபான் ஆறு ஆறு மணி நேரம் தூங்கியிருந்தார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இப்படித் தூங்கிப் பார்த்ததில்லை என்று மார்லீன் தெல்ஃபினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே மீதியையும் சொன்னாள். மலையில் ராணுவம் ஊர் ஊராக எரித்த அந்த வருஷம், ஐந்து வயதில் அவரை ஏதோ ஒரு அநாதை விடுதியிலிருந்து பெல்ஜியத்துக்குத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று காகிதத்தில் இல்லை. இருந்தது ஒரே வரி: தாய் கைவிட்டுவிட்டாள்.

அந்த ஒரு வரியை அவர் முப்பத்தேழு வருஷமாகச் சுமக்கிறார். தனக்குக் குழந்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெற்றவளே தூக்கி எறிந்தவன் இன்னொரு பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்பாராம். இப்போது வந்ததுகூட ஆசைப்பட்டு அல்ல. பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிற ஊர் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அதோடு விட்டது என்றுதான் கிளம்பினாராம்.

தெல்ஃபினா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வருஷத்தைப் பற்றி இந்தக் கரையில் யாரும் வாயைத் திறப்பதில்லை, அவளும் திறக்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். வந்த அன்றே பாஸ்போர்ட் நகலைப் பதிவேட்டில் ஒட்டும்போது அவள் கவனித்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவருக்குப் பிறந்த நாள்.

மார்லீன் போனதும் நாத்தனார் ஒதிலியாவைக் கூப்பிட்டாள். விடுதியில் சமையல் ஒதிலியாதான்.

"பெத்தவ விட்டுட்டுப் போனாலும் பொறந்த மண்ணு விட்றலைன்னு அந்த மனுஷனுக்குத் தெரியணும். நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் செய்யிற மாதிரி எல்லாம் செய்யணும், ஒதிலியா."

"நான் ராவோட ராவா தமாலுக்குச் சோளமாவை இலையில கட்டிடறேன் அண்ணி. சாக்லேட்டும் காய்ச்சிடலாம். வெடி யார் வாங்குறது?"

இங்கேதான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதமாக ஊரையே வாயைப் பொத்த வைத்தவள் தெல்ஃபினா. சேவலை நாடு கடத்தினாள், ஜெபத்தைத் திசை திருப்பினாள். அந்தத் தெல்ஃபினாவுக்கோ, ஒதிலியாவுக்கோ, விஷயம் கேள்விப்பட்டு வேலிக்கு மேலாக இரண்டாவது கட்டு வெடியை நீட்டிய மக்காரியோவுக்கோ, வெடியும் ஒரு சத்தம்தான் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? பிறந்த நாளென்றால் காலை ஐந்து மணிக்கு அறை வாசலில் சரவெடி. பிறந்ததிலிருந்து அப்படித்தான். வெடி வைக்காத வீட்டில் அந்த ஆளை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை என்று அர்த்தம். சேவல் கத்தினால் சத்தம், வானொலி அலறினால் சத்தம். வெடி பாசத்தில் சேர்த்தி.

வெள்ளிக்கிழமை ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம். பின்பக்க அறை வாசலில் ஆயிரம் வாலா இரண்டைப் பாம்பு மாதிரி நீட்டி வைத்தார்கள். மக்காரியோ சுத்தமான சட்டை போட்டு வந்திருந்தார். ஒதிலியா கையில் ஆவி பறக்கும் சாக்லேட். தெல்ஃபினா குனிந்து பற்றவைத்தாள்.

இரண்டு நிமிஷம் சுவர் அதிர்ந்தது. புகை கூரையைத் தொட்டது. கடைசி வெடி வெடித்ததும் மூன்று பேரும் சிரித்த முகமாகக் கதவைப் பார்த்து நின்றார்கள். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து, ஒவ்வொருத்தரையாகக் கட்டிக்கொண்டு நன்றி சொல்வதுதான் வழக்கம்.

கதவு திறக்கவில்லை. உள்ளே மார்லீன் அவர் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. கூப்பிட்ட விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெல்ஃபினா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. மார்லீன் தரையில் முட்டி போட்டுக் கட்டிலுக்கடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டெஃபான் அடியில், சுவர் மூலையோடு மூலையாக, முழங்காலை மார்போடு இறுக்கிச் சுருண்டு கிடந்தார். ஒரு கை தன் வாயையே பொத்தியிருந்தது, பிறர் வாயைப் பொத்துகிற அழுத்தத்தோடு. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன் என்று அந்த நொடியில்தான் தெல்ஃபினாவுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கட்டிலுக்கடியில் இருந்தவர் வாயிலிருந்து கையை எடுத்தார். எடுத்துவிட்டுப் பேசினார், ரகசியம் பேசுகிற மாதிரி, சின்னக் குரலில்.

ஒதிலியா கையிலிருந்த சாக்லேட் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. அவர் பேசியது கக்சிகேல். ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்ற மனிதர், ஐந்து வயதுப் பிள்ளையின் மழலையில், தடங்கலில்லாமல் பேசினார்.

"என்ன சொல்றார்? என்ன பாஷை இது?" மார்லீன் தெல்ஃபினாவின் சால்வையைப் பிடித்து உலுக்கினாள்.

தெல்ஃபினா இன்னும் குனிந்து காதைக் கொடுத்தாள். அவர் மறுபடியும் அதையேதான் சொன்னார்.

"அம்மா, நான் சத்தம் போடல. நீ சொன்ன மாதிரி வெளியே வரவே இல்ல. இன்னும் கூப்பிடலையே அம்மா."

மக்காரியோ தொப்பியைக் கழற்றிவிட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அம்மாக்கள் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள்ளும் விறகுக்கு அடியிலும் திணித்துவிட்டு, நான் கூப்பிடுகிறவரை மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன வருஷம் அது.

தெல்ஃபினா சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். ஐம்பத்திரண்டு வயதில், தடித்த உடம்போடு, கன்னம் தரையில் படக் கட்டிலுக்கடியில் முகத்தை நுழைத்தாள். பிள்ளைக்கு அவன் அம்மா என்ன பெயர் வைத்தாள் என்று தெரியாது. அதனால் பெயர் சொல்லாமலே, இந்தக் கரையில் அம்மாக்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி அவர்கள் பாஷையிலேயே கூப்பிட்டாள்.

"வந்துடு மகனே. அவங்க எல்லாம் போயிட்டாங்க. இனி பயமில்ல, வெளியே வாடா தங்கம்."

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அப்புறம் ஒரு கை மெல்ல நகர்ந்து வந்து அவள் விரலைப் பிடித்தது. விரலைப் பிடித்தபடியே அவர் வெளியே வந்தார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த எல்லாரையும் பார்த்தார். பழைய ஸ்டெஃபான் திரும்பி வந்துவிட்டார். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன் என்று தன் பாஷையில் மனைவியைக் கேட்டார். மார்லீன் தெல்ஃபினாவைப் பார்த்தாள்.

தெல்ஃபினா அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஸ்பானிஷில் சொன்னாள். பிறகு, "இதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்கம்மா. காகிதத்துல இருக்கிறது பொய். அவ விட்டுட்டுப் போகல. ஒளிச்சு வெச்சிருக்கா" என்றாள்.

மார்லீன் அழுதுகொண்டே சொன்னாள். ஸ்டெஃபான் அசையாமல் கேட்டார். பிறகு, மார்லீனிடம் அல்ல, நேராகத் தெல்ஃபினாவின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். கோபத்தோடுதான் கேட்டார், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

"அப்படின்னா அம்மா ஏன் திரும்பி வந்து கூப்பிடலைன்னு கேக்கறார்" என்றாள் மார்லீன்.

தெல்ஃபினா அவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உயிரோட இருந்திருந்தா கூப்பிட்டிருப்பாப்பா."

மார்லீன் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். அதற்கு முன்பே, தெல்ஃபினாவின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.