கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதவேண்டும் என்று இந்தக் கதையை நான் எழுதவில்லை. எங்கள் நாய் புஜ்ஜி கூண்டில் இருக்கிறாள். நான் எழுந்து போனால் ஊளையிடுகிறாள். சும்மா எவ்வளவு நேரம்தான் உட்காருவது?

தொடக்கம்: ‘மலைமேல் மணி ஒலித்தபோது புஜ்ஜி கண்விழித்…’

(வேண்டாம். மணிக்கா விழிப்பாள்? இட்லிப் பானையைத் திறந்தால் விழிப்பாள்.)

2

திருப்பதி பஸ் நிற்கும் இடத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று அவளை இடித்தது. அரக்கோணத்தில் பின்னங்காலுக்குத் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடும்வரை ஒரு குதி குதித்தாலும் தகடு நகர்ந்துவிடும், அப்புறம் கால் கிடைக்காது என்றார் டாக்டர் சுசித்ரா.

“காலுக்குத்தாங்க லீவு. மூளைக்கு வேலை குடுங்க. இல்லன்னா கூண்டையே கடிச்சுத் தின்னுடும்.”

3

அந்த வேலையை என் வீட்டுக்காரர் மணவாளன் எடுத்துக்கொண்டார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுபவர். மிஞ்சிய லுங்கித் துண்டில் வேகவைத்த ஈரலை வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். புஜ்ஜி பல்லால் இழுத்து அவிழ்ப்பாள். மறுநாள் இன்னும் இறுக்கமான முடிச்சு. அவிழ்த்து முடித்தால் களைத்துத் தூங்கிவிடுவாள்.

“இவ்ளோ கெட்டிக்காரி நம்ம வூட்ல யாரு கீறாங்க?”

“ஏன், நான் இல்லியா?”

“நீ இன்னும் மொத வரியவே தாண்டல.”

(முதல் வரைவில் இவரை நாயைக் கண்டால் ஆகாதவர் என்று எழுதியிருந்தேன். கதைக்கு அப்படி ஒருவர் வேண்டுமே. படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. “நான் எப்பம்மா அத வெரட்டனேன்?” என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன். தங்கமான மனுஷனை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை.)

4

கூண்டு, கோழிக்கடை சிவப்பிரகாசம் கொடுத்த பழசு.* நேற்று அதன் தாழ்ப்பாள் உடைந்தது. தறிக்காரர் வேறென்ன செய்வார்? லுங்கித் துண்டால் கதவை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

(இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம்.)

* இரண்டு முறை கழுவியும் கோழி வாசனை போகவில்லை. புஜ்ஜிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

5

நான் மேற்கண்ட வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வெளியே வந்துவிட்டாள். துணி தரையில் கிடக்கிறது. மூன்று காலில் நின்று, ஈரல் எங்கே என்று என்னைப் பார்க்கிறாள். இழுத்தால் திமிறுவாள். அதனால் ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். அவர் வரும் நேரம். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் தாவிப் போய் மேலே ஏறுவது இவள் வழக்கம்.

“வண்டியத் தெருமுனையிலயே நிறுத்திட்டு நடந்து வாங்க. புஜ்ஜி வெளிய கீது.”

“ஆங். காலு?”

“இன்னும் நின்னுகினுதான் கீது.”

6

முடிவு ஒன்று: சத்தமில்லாமல் வந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கூண்டில் விட்டு…

முடிவு இரண்டு: அவரைக் கண்டதும் புஜ்ஜி…

(இதை எழுதமாட்டேன்.)

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடுதான் வருகிறார் போலிருக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இவளுக்கு மூக்கு இருக்கிறதே. வால் ஆட ஆரம்பித்துவிட்டது. என் கைக்குள் உடம்பு முழுக்கத் துடிக்கிறது. இந்த வரியை ஒரு கையால் கிறுக்குகிறேன். அந்தக் கையும் இனி அவளுக்கு வேண்டும்.

பேனாவை நீங்கள் பிடியுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், அவளைக் குதிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள்.