ஜீப் முந்திய பந்தயம்

அந்த வருஷம் முழுக்க வேலாயுதத்துக்கு ஒரே ஒரு எதிரிதான். சைக்கிள் ரேஸில் அவனுக்கு முன்னால் போகிறவர்கள் அல்ல, பின்னால் வரும் ஜீப். கடைசியாக வருகிறவனின் முதுகிலேயே உறுமிக்கொண்டு வரும். ரொம்பவும் பின்தங்கிவிட்டால் சைக்கிளோடு ஆளை அள்ளிப் போட்டுக்கொள்ளும். அதை ஓட்டுகிற சென்னப்பன் வெளியே தலையை நீட்டி, "ஹத்தப்பா, ஹத்து" என்று கன்னடத்தில் ஏறச் சொல்வார். என்ன பாசம்! விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி! வேலாயுதமும் ஒவ்வொரு தடவையும் ஏறித் தொலைத்தான். நஞ்சன்கூட்டில் அவன் வேலை செய்கிற மில்லில் அவனுக்கு 'ஜீப்பு' என்றே பேர் விழுந்துவிட்டது.

சேர்ந்த வருஷத்தில் ஒரு ரேஸையாவது சொந்தக் காலால் முடிக்காதவனுக்கு அடுத்த வருஷம் சைக்கிள் கிளப்பில் இடமில்லை என்பது செயலாளர் ஸ்ரீகண்டனின் சட்டம். மிச்சமிருந்தது கடைசி ரேஸ் மட்டும்தான். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போய், அங்கே நடுரோட்டில் வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றித் திரும்பி வர வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. பூஜைக்கு அவன் மனைவி மகேஸ்வரி சைக்கிளைக் கழுவி, குத்துவிளக்கு மாதிரி மினுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தாள். "ரேஸ் வரைக்கும் இதுல கை வெக்கக் கூடாது மாமா" என்று உத்தரவு வேறு. ஞாயிறு காலை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபின், மைசூரில் தன் வீட்டிலிருந்து கிளம்பும் இடம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனான். ஏறி உட்கார்ந்தது கொடி அசைந்த பிறகுதான்.

போகிற வழியில் வழக்கம்போல எல்லாரும் பறந்துவிட்டார்கள். இவனும் ஜீப்பும்தான் பாக்கி. நஞ்சன்கூட்டுக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட்டை இவன் தாண்டியதும் கேட் மூடிக்கொண்டது. ஜீப் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அடடா, கடவுள் இருக்கிறார் என்று வேலாயுதம் தலை தெறிக்க மிதித்தான்.

டிரம் வந்தது. அன்றைக்கு முதல் தடவையாகப் பிரேக்கைப் பிடித்தான். சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினான். வழுக்கிக்கொண்டு போனதே தவிர வேகம் குறையவில்லை. டிரம்மைத் தாண்டி, அங்கே குனிந்து வருகிறவர்கள் பேரைக் குறித்துக்கொண்டிருந்த கிளப் ஆளைத் தாண்டி, பக்கத்துச் சந்தில் மல்லம்மா என்கிற கிழவி அடுக்கி வைத்திருந்த வாழைப்பழக் குவியலில் போய் விழுந்தான்.

நல்லவேளை, பழுத்த பழம். எலும்பு தப்பியது. எழுந்து சக்கரத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தால் விரல் வழுக்கியது. முகர்ந்தான். தேங்காய் எண்ணெய்! அடிப்பாவி மகேஸ்வரி, மினுக்கினது இதை வைத்தா?

"கண்ணு காணல்வா நினகே?" என்று, கண் தெரியாதவனா நீ என்கிற மாதிரி திட்டி, மல்லம்மா சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பழத்தைப் பழையபடி அடுக்காமல் விடுவதாக இல்லை. குனிந்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்துவிட்டது. சந்திலிருந்து எல்லாம் காதில் விழுந்தது. பேர் குறித்தவர், "கடைசி ஆளும் தாண்டிப் போயாச்சு" என்றார். "கேட் நெரிசல்ல எதிர்ல வந்தவனைக் கவனிக்காம விட்டுட்டேன் போல" என்றார் சென்னப்பன். பேர் குறித்தவர் டிரம்மைத் தூக்கி உள்ளே போட்டு ஏறிக்கொண்டதும் ஜீப் மைசூர் பக்கம் திரும்பிப் போயே போய்விட்டது.

வேலாயுதம் வாழைப்பழமும் கையுமாக நின்றான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. ஜீப் அவனை முந்திவிட்டது. இனி அவனை ஏற்றிக்கொள்ள யாருமே இல்லை!

மல்லம்மாவிடம் கந்தல் துணி வாங்கி விளிம்பைத் துடைத்தான், மண் போட்டுத் தேய்த்து மறுபடி துடைத்தான். டிரம் இருந்த இடத்தை ஒழுங்காகச் சுற்றித் திரும்பினான். அப்புறம் ஓட்டினான் பாருங்கள், அதுதான் ஓட்டம். முதுகுக்குப் பின்னால் உறுமல் இல்லை. முதல் ரேஸில் பயத்தில் வாந்தி எடுத்தது, சாமுண்டி மலை ஏற்றத்தில் தொடை பிடித்துக்கொண்டு அழுதது எல்லாம் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் தன் கால் ஓயவில்லை, அந்த உறுமல்தான் தன்னை ஓய்த்தது என்று தோன்றியது. வழியெல்லாம் சிரிப்பாக வந்தது. கூடவே, வீட்டுக்குப் போய் எண்ணெய்க்காக மகேஸ்வரியை என்னென்ன திட்டலாம் என்றும் சேர்த்து வைத்துக்கொண்டான்.

முடிகிற இடத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சென்னப்பன் இவனைக் கண்டு வாயைப் பிளந்தார். ஸ்ரீகண்டன் மண்டையைச் சொறிந்தார். "ஜீப் ஏத்திக்கிட்டாத்தான் அவுட். ஜீப் முந்தினா என்னான்னு ரூல்ஸ்லயே இல்லையே?"

"நான் ஆளைக் கண்ணாலயே பாக்கலை சார், எங்க ஏத்தறது?" என்றார் சென்னப்பன்.

ஸ்ரீகண்டன் சிரித்துவிட்டார். "சரிப்பா. நீ முடிச்சாச்சு. அடுத்த வருஷம் வா."

அப்பாடா! வேலாயுதம் சைக்கிளைச் சாய்த்து வைத்தான். அப்போதுதான் மகேஸ்வரியைப் பார்த்தான். எப்போதும் போல் தண்ணீர்ச் சொம்பும் துண்டுமாக ஜீப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சொம்பில் தண்ணீர் இல்லை, புடவை முழுக்க நனைந்திருந்தது.

"ஜீப்புக்குள்ள எட்டிப் பாத்தேன் மாமா" என்றாள். "இத்தனை நாளும் அதுல உங்களைப் பாத்தா மானம் போகும். இன்னிக்கு நீங்க இல்லேன்னதும் எனக்கு உசிரே போயிருச்சு." சொல்லிவிட்டு ஊர் பார்க்க அழுதாள்.

சேர்த்து வைத்த திட்டையெல்லாம் அங்கேயே விட்டான். துண்டை வாங்கி அவள் முகத்தைத் துடைத்தான்.

"அடுத்த வருஷமும் நீயே பூஜை போடு மகேசு" என்றான். "எண்ணெயை மட்டும் உன் தலைக்கு வெச்சுக்க."