பதுளைக்கு ரயில் வந்த பங்குனி

படிக்கிற காலத்தில் சரித்திரப் பாடத்தில் எனக்கு எப்போதும் முதல் புள்ளி. இங்கிலாந்து ராசாக்களை வரிசை பிசகாமல் சொல்லுவேன். எந்த ராசா எந்த ராணியின் தலையை எடுத்தான் என்பது உட்பட. அந்தத் திமிரோடுதான் 1971இல் பதுளை அரசாங்கக் கந்தோரில் பிரஜாவுரிமை விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தேன். பெயர் கனகசுந்தரம், ஊர் யாழ்ப்பாணம். முன்கோபம் எங்கள் பரம்பரைச் சொத்து.

தோட்டத்துச் சனம் தமிழில் சொல்வதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்வது என் வேலை. வரிசையில் நிற்பவர்கள் தங்கள் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குப் பதிவு காட்டினால் இங்கேயே இருக்கலாம். காட்டாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

அன்று வந்தவள் பேச்சாயி. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருஷன் செத்துவிட்டான், கையில் இரண்டு பிள்ளைகள். அவளுடைய தகப்பன் மாடசாமியின் பதிவைத் தேடியவன் நான்தான். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் புத்தகத்தில், இருந்த வயதுப்படி அவன் பிறந்தது 1920. அந்த வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன், முன்னும் பின்னும் ஒவ்வொரு வருஷம் பார்த்தேன். இல்லை. ‘பதிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

"எங்கப்பா இங்கதாங்க பொறந்தாரு" என்றாள் பேச்சாயி.

"எந்த வருஷம்? அதைச் சொல்லும் பிள்ளை."

"வருஷம் தெரியாதுங்க. ஆனா செக்ரோல்ல இருக்கிறது பொய்ங்க. எட்டு வயசுப் பிள்ளையைப் பன்னண்டுன்னு சொன்னாத்தானே பேர் பதிஞ்சு வேலை குடுப்பாங்க? எங்க லயத்து வீடுகள்ல எல்லாருமே அப்படித்தாங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "பொய்யை நீங்கள் சொல்லுவியள், மெய்யை நாங்கள் தேடவேணுமோ? நல்ல நியாயம்! அப்ப மெய்யான வயசு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுங்க. ஆனா சும்மா கேட்டா வராதுங்க. அழுதாத்தான் வரும்."

அப்பா செத்தபோது அத்தை சொல்லிக்கொடுத்து அவள் வைத்த ஒப்பாரியில் எல்லாம் இருக்கிறதாம். நடுவிலே பிடுங்கிச் சொல்ல முடியாது, முதலிலிருந்து அழுதுகொண்டே வரவேண்டுமாம். நான் நக்கலாகத்தான் மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்து, "அழட்டும்" என்றார்.

"சாவில்லாத எடத்துல ஒப்பாரி வச்சா அந்த எடத்துக்கு ஆகாதுங்களே ஐயா" என்று தயங்கினாள் பேச்சாயி. தன்னைக் கப்பலேற்றப் போகிற கந்தோருக்காக அவள் கவலைப்பட்டாள்! அதிகாரி, வருவது வரட்டும் என்றார். பிறகு, கட்டிப்பிடித்து அழ ஆள் வேண்டும் என்றாள். அதை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் வராந்தாவில் காத்திருந்த இரண்டு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மூவரும் தரையில் குந்தி, தோளில் தோள் சாய்த்து ஆரம்பித்தார்கள்.

முன்னோர் மன்னாரில் தோணியால் இறங்கியதிலிருந்து தொடங்கியது. காட்டுப் பாதையில் வாந்திபேதியில் விழுந்தவர்களின் பெயர் ஒவ்வொன்றும் வந்தது. கோப்பிச் செடி நோயில் பட்டுப்போனது வந்தது. எந்த மலையை யார் வெட்டினார்கள், எந்த மழைக்கு எந்த லயம் சரிந்தது, யாருடைய பிள்ளை அதில் போனது, எல்லாம் வந்தது. நானும் அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மாடி, நூறு வருஷம்! ஒரு புத்தகத்திலும் நான் படிக்காத நூறு வருஷத்தை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி ஒரு பெயர் தவறாமல் வைத்திருந்தாள்.

"காப்பி மலையழிச்சுத் தேயிலைக் கன்னுவச்ச
பாட்டன் வழிவந்த பவளமே என்னப்பா
பங்குனி மாசத்துல பதுளைக்கு ரயில்வரவே
மொத ரயிலப் பாத்தசனம் லயத்துக்குத் திரும்புமுன்னே
மூணாம் நம்பர் மலையில முந்தானைத் துணிவிரிச்சு
மண்ணுமேல பொறந்தியே மகராசா என்னப்பா"

அதிகாரி கையை உயர்த்தினார். "பதுளைக்கு முதல் ரயில் எப்போது வந்தது?"

நான் வாயைத் திறந்தேன். இருபது வருஷமாக அந்த ரயிலில்தான் ஊருக்குப் போய் வருகிறேன். எட்டாம் ஹென்றியின் ஆறு பெண்டாட்டிமாரும் வாயில் வந்தார்கள், ரயில் வந்த வருஷம் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. கந்தோர்ப் பியோனை ஸ்டேஷனுக்கு விரட்டினோம். மூச்சிரைக்க வந்து சொன்னான்: 1924, ஏப்ரல் 5.

1924ஆம் வருஷப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஏப்ரல் மாதத்தில் இருந்தது. மாடசாமி, ஆண். அவளுடைய தோட்டத்தின் பெயர். ரயில் வந்த அதே திகதி.

"இருக்காருங்களா ஐயா?" என்று கேட்டாள் பேச்சாயி.

"இருக்கிறார், அம்மா" என்றேன். தோட்டத்துப் பெண் ஒருத்தியை நான் அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை பாட்டு வரவில்லை. அதிகாரி அவளுடைய விண்ணப்பத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதினார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த கோப்பு வீரமலை என்பவருடையது. அதிலும் என் கையெழுத்தில் ‘பதிவு இல்லை’ என்றிருந்தது. நானே வராந்தாவுக்கு ஓடி அவருடைய கையைப் பிடித்தேன்.

"ஐயா, உங்கட தகப்பனாருக்கு வச்ச ஒப்பாரியைச் சொல்லுங்கோ. முதலிலயிருந்து, ஒண்டும் விடாமல்!"

"ஆம்பளைங்க நாங்க கேக்கிறதோட சரிங்க. பாட்டெல்லாம் என் தங்கச்சிக்குத்தான் தெரியும்."

"அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கே வாங்கோ, நான் காத்துக்கொண்டு இருக்கிறன்."

வீரமலை என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார்.

"அது போன மாசம் கப்பலேறிடுச்சுங்களே. நீங்கதானே ஐயா, பதிவு இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க."