மூன்றாவது ரக்அத்

பத்து மணிக்கு எட்டு வயது மகளுக்குக் காதில் ஆபரேஷன். எழுந்ததிலிருந்து பயமாயிருக்கிறது என்று அழுதவளை, “தொழுதா பயம் ஓடிப்போயிடும், வா” என்று கை, முகம், கால் கழுவி உளூ செய்யவைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள் அம்மா. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்லி ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப்போகிற நர்ஸ் அவள்.

விடியற்காலை சுப்ஹு தொழுகைக்கு, நின்று குனிந்து சிரம் பணிகிற சுற்றான ரக்அத் இரண்டே. தொழவைத்த அம்மா, இரண்டாவதில் உட்கார வேண்டியவள், நினைப்பெல்லாம் மயக்க ஊசியில் இருக்க, மூன்றாவதற்கு எழுந்துவிட்டாள். தொழவைப்பவர் தவறினால் பெண்கள் வாய் திறக்காமல் கையைத் தட்டித்தான் உணர்த்த வேண்டும். மகள் தன் புறங்கையில் பட்டென்று தட்டினாள். அம்மா திடுக்கிட்டு உட்கார்ந்தாள். மறதிக்கு ஈடாக நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவும் செய்து முடித்தாள்.

“ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?” என்று சிரித்த மகளின் முகம் உடனே சுருங்கியது. “அங்க டாக்டர் தப்பு பண்ணா யாரும்மா தட்டுவா?”

“பக்கத்துல ஒரு நர்ஸ் நிப்பா. கண்கொட்டாம பாத்துட்டே இருப்பா.”

“அவங்களும் உங்கள மாதிரி பயந்து கோட்டை விட்டுட்டா?”

“விட மாட்டா” என்றாள் அம்மா, தொழுகை விரிப்பை மடிக்க வராமல் சுருட்டியபடி. “நீ அவ பெத்த பொண்ணு இல்லையே.”