எட்டு வினாடி

1

இந்தக் கதை ஒரு சிவப்புப் புள்ளியிலிருந்து பிறந்தது. அந்தப் புள்ளியை அழித்தவன் நான். நடுவில் சொன்னால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேல்ஸில், காடர் மலைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு. போர் விமானங்கள் அங்கே தாழப் பறந்து பழகும். சரிவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கீழே விமானம் போகும். விமானியின் தலைக்கவசத்தை மேலிருந்து பார்க்கலாம். அந்த ஒரு நொடிக்காக மழையில் ஆறு மணி நேரம் நனைகிற கூட்டம் நாங்கள்.

2

(முதல் தொடக்கம், அடித்தது:) பஸ் ஹெவின் செத்த அன்று வானம்

நான் வானத்தை வர்ணிக்க ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம். விடுங்கள்.

(இரண்டாவது:) ஹெவின் ஒரு

ஒரு என்ன? பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எங்கள் ஊரில் தொழிலைப் பெயரோடு ஒட்டித்தான் கூப்பிடுவார்கள். அவன் பஸ் ஹெவின். மருந்துக்கடை வைத்திருக்கும் நான் இருபத்திரண்டு வருடமாக மாத்திரை. அம்மா அப்பா வைத்த பெயர் மருந்துச் சீட்டுகளுக்கு மட்டும்.

அன்று காலை கார்களை நிறுத்தும் இடத்தில் ஹெவின் தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டே கேட்டான்.

"என்ன மாத்திரை, இன்னைக்கும் லென்ஸ் மூடியைக் கழட்டாமலே படம் எடுக்கப் போறியா?"

"உன் வாய்க்கு ஒரு மூடி வாங்கணும்டா. எங்ககூட வா. எதிர்ச்சரிவுல பாறையெல்லாம் ஈரம்."

"உங்க கும்பலோட உக்காந்தா விமானி யாருக்குக் கை ஆட்டுறான்னே தெரிய மாட்டேங்குது. பத்தொம்பது வருஷம் ஆச்சு, எனக்குன்னு ஒருத்தனும் ஆட்டல."

"வீட்ல நெரிஸ் திட்டலையா?"

"திட்டாமயா? அவ அக்கா வீட்டு விருந்தை விட்டுட்டு வந்திருக்கேன். 'அந்த மலையிலயே கிட, வீட்டுக்கு வராத'ன்னுட்டா."

சிரித்தான். சிரித்தானா? இந்த ஒரு சொல்லை நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்திருக்கிறேன். குடுவையை மூடிக்கொண்டிருந்தான்; முகம் எனக்குத் தெரியவில்லை. சிவப்புச் சட்டையோடு சாலையைக் கடந்து எதிர்ச்சரிவில் தனியாக ஏறிப் போனான்.

3

இரண்டு மணிக்கு யாரோ "வருது!" என்று கத்தினார்கள். முதல் விமானம் போனது. இருபது படம் எடுத்தேன்.

பிறகு எல்லோரும் தலையைக் குனிந்தோம். எங்கள் கூட்டத்துக் கெட்ட பழக்கம் இது. எடுத்த படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று உடனே கேமராவின் முதுகைப் பார்க்க வேண்டும். சரிவில் பதினொரு பேர், பதினொரு குனிந்த தலைகள். எட்டு வினாடி கழித்து அதன் ஜோடியான இரண்டாவது விமானம் வந்தது. நிமிர்ந்து அதையும் எடுத்தோம். மழை வலுத்ததும் இறங்கினோம். ஹெவினின் கார் அங்கேயே நின்றது. பிடிவாதக்காரன், இன்னொரு ஜோடிக்குக் காத்திருக்கிறான் என்று நினைத்தோம்.

சாயங்காலம் இரண்டாவது விமானத்தின் படத்தைத் திறந்தேன். என் வாழ்நாளிலேயே சிறந்த படம். மூலையில், பெரணிப் புதருக்குள், சிவப்பாக ஒரு கறை. யாரோ விட்டுப்போன பை என்று நினைத்தேன். துடைத்துவிட்டு அந்த இடத்தில் கொஞ்சம் பெரணியை ஒட்டினேன். இணையத்தில் வெளியிட்டேன். ஏகப்பட்ட பாராட்டு.*

நெரிஸ் அன்று யாரையும் கூப்பிடவில்லை. கணவர் கோபித்துக்கொண்டு எங்காவது குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாராம். காலையில்தான் தேடிப் போனார்கள்.

* பாறையிலிருந்து விழுந்த பிறகும் ஹெவினுக்குச் சில மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அந்த நேரத்தில்தான் நான் பெரணி ஒட்டிக்கொண்டிருந்தேன். இதை அடிக்குறிப்பில் வைத்ததற்கு என்னைத் திட்டுங்கள். மேலே எழுதக் கை வரவில்லை.

4

அடக்கம் முடிந்த மறுவாரம் நெரிஸ் கடைக்கு வந்தார்.

"உன்கிட்ட அன்னைக்கு எடுத்த படம் இருக்காமே?"

"இருக்கு. ஆனா வேகத்துல எல்லாம் கலங்கித்தான்..."

"சுத்தி வளைக்காத, மாத்திரை. வழுக்கினாரா, அவராவே காலை எடுத்து வெச்சாரா? அது மட்டும் சொல்லு."

"நெரிஸ், அவன் அப்படிப்பட்ட ஆளா?"

"அப்படிப்பட்ட ஆளுக்கு நான் என்ன சொல்லி அனுப்பினேன்னு உனக்குத் தெரியாது."

தெரியும் என்று நான் சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லிப் பதினொரு வாரம் ஆகிறது. அந்த வாரங்களில் எழுதியதுதான் இது.

5

படங்களில் இருப்பது இவ்வளவுதான். முதல் விமானம் போகும்போது ஹெவின் பாறை விளிம்பில் நிற்கிறான், கைகள் தொங்குகின்றன. கேமராவைக் கண்ணில் வைத்திருக்கவில்லை. (அது பாறைமேல் கிடைத்தது, லென்ஸ் மூடியோடு.) விமானியின் கையுறை அணிந்த கை உயர்ந்திருக்கிறது, விரிந்த உள்ளங்கை அவன் பக்கம். கை ஆட்டுகிறானா, 'பின்னால் போ' என்கிறானா?

இரண்டாவது விமானம் போகும்போது பாறை காலி. கீழே சிவப்பு. அந்த விமானியின் தலை முன்னால் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் இடதுபக்கம் திரும்பிக் கீழே குனிந்திருக்கிறது.

முடிவு அ: பத்தொன்பது வருடம் காத்திருந்தவன், தனக்கென்று ஒரு கை உயர்ந்ததும் சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தான். ஈரப் பாறை. இதை எழுதும்போது அழுதேன். இதை நம்ப எனக்கு அவ்வளவு ஆசை.

முடிவு ஆ: அவன் கேமராவுக்கு மூடி போட்டு, அதைப் பாறைமேல் வைத்துவிட்டு,

இதற்கு மேல் நான் போக மாட்டேன்.

6

கதவு மணி அடிக்கிறது. இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே நெரிஸ் வந்துவிட்டார். துடைக்காத படங்கள் இரண்டும் உறைக்குள், மேசைக்கு அடியில் இருக்கின்றன. என்னால் முடியவில்லை. நீங்கள் கொஞ்சம் என் இடத்தில் நில்லுங்கள். எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

அவர் தன் போனை உங்கள் பக்கம் திருப்புகிறார். நான் வெளியிட்ட அந்தப் படம். விரலால் பெரிதாக்கி, விமானியின் குனிந்த தலையிலிருந்து கீழே, வெறும் பெரணிவரை மெதுவாக இழுத்துக் காட்டுகிறார்.

"இங்கதான் ஒண்ணுமே இல்லையே, மாத்திரை. இவன் எதைப் பாக்குறான்?"