சூரியன் வெடித்த அன்று ஒரு டம்ளர் காபி

என் பெரியப்பா தனபாலுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு வரப்புத் தகராறு. தம்பி நிலத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்பது பெரியப்பாவின் சபதம். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், எங்கள் வாசலிலேயே பந்தல். பெரியப்பா கை நனைக்காமல் அது என்ன கல்யாணம்? இரண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சலாக வந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து சர்வேயர் சாஜித்தை நானே வரவழைத்தேன்.

அன்று பார்த்துச் சூரியன் வெடித்துத் தொலைத்தது.

ஜிபிஎஸ் கருவி காட்டிய இடங்களில் சாஜித் முளையடித்துக் கயிறு கட்டினார். கயிறு எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் புகுந்து கதவு வழியாக வெளியே போனது. அடுப்பு பெரியப்பாவுக்கு, ஃபிரிட்ஜ் எங்களுக்கு.

“தப்பாக் காட்டுதுங்க. சூரியன்ல பெரிய வெடிப்பாமா, சேட்டிலைட் சிக்னலெல்லாம் தடுமாறுது. செத்த நேரத்துல சரியாயிருமுங்க” என்றார் சாஜித், ஜன்னலுக்கு வெளியே நின்று.

“அதுவரைக்கும் அடுப்பு என்னுதுங்க தம்பி” என்றார் கயிற்றோடு உள்ளே வந்த பெரியப்பா, அப்பாவைப் பார்க்காமல்.

“வரப்பக் கேட்டவரு இப்ப அடுப்பையே கேக்கறாருங்க தம்பி” என்றார் அப்பா, அவரும் சாஜித்திடமே.

அம்மா பாலை அடுப்பில் ஏற்றினாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

“ஏனுங் மாமா, உங்க அடுப்புல வெச்ச காபிங்க. உங்க எடத்துல நின்னே குடிங்க.”

பெரியப்பா குனிந்து, இரண்டு காலும் கயிற்றுக்கு அடுப்புப் பக்கம்தானா என்று சரிபார்த்தார். டம்ளரை வாங்கிக் குடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி குடித்திருப்பார். வெளியிலிருந்து சாஜித்தின் குரல் வந்தது. “சிக்னல் சரியாயிருச்சுங்க. வரப்பு இருக்கற எடத்துலயேதான் இருக்குது. கயித்தை அவுத்துரலாமுங்க.”

கயிறு தரையில் விழுந்தது. பெரியப்பா இப்போது அப்பாவின் நிலத்தில், கையில் பாதிக் காபியோடு நின்றார்.

“எச்சப் பண்ணுனதைத் திருப்பிக் குடுக்கறது மரியாதை இல்லீங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மீதியையும் குடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஏனுங் தம்பி, சூரியன் மறுக்கா எப்ப வெடிக்குமுங்க?”

“சொல்ல முடியாதுங்க.”

“கண்ணு கல்யாணத்தன்னிக்கு வெடிச்சாத் தேவலைங்க.”

அப்பா இந்தத் தடவை சாஜித்தைத் தேடவில்லை.

“வெடிக்காட்டியும் வாங்கண்ணா.”

பெரியப்பா காலி டம்ளரை அம்மாவிடம் கொடுத்தார்.

“வாரேனுங் அம்மணி. சக்கரை மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுங்க.”