ஹெஸ்டர் பெல்லிங் கடித்த கேக்

ஹெஸ்டர் பெல்லிங் உயிரோடு இருந்தவரை எங்கள் ஊரில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. இப்போது அவளைப் பிடிக்காத ஆள் ஒரே ஒருத்திதான். என் பக்கத்து வீட்டு மேவிஸ் டக்கெட்.

ஹெஸ்டர் நாவலாசிரியை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு பெட்டி, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒற்றைக்கண் பூனை சகிதம் வந்து ஆற்றோரக் குடிலை வாடகைக்கு எடுத்தாள். கல்யாணம் ஆகவில்லை. புதன்கிழமைதோறும் பக்கத்து நகரமான ஷ்ரூஸ்பரியிலிருந்து உயரமான ஆள் ஒருவர் வந்துபோவார். என் கணக்கர் என்பாள். அவளிடம் இருந்த காசுக்கு வாராவாரம் என்ன கணக்கு என்று எங்கள் அம்மா கேட்பாள். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனாள், கொடுத்ததைத் தின்றாள், அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண் என்று ஊரே மெச்சியது. பிறகு புத்தகம் வந்தது. உள்ளே ஊரே இருந்தது.

பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். மூக்கை, நடையை, கஞ்சத்தனத்தை மாற்றவில்லை. கசாப்புக்கடைக்காரர் தராசில் கட்டைவிரல் வைத்து அழுத்துவது, மருத்துவர் மனைவியின் பொய்முடி காற்றில் நகர்வது, எல்லாம் அச்சில். பால்காரர் அவள் வாசலில் பால் வைப்பதை நிறுத்தினார். பாதிரியார் பெயர் சொல்லாமல் ஒரு பிரசங்கம் செய்தார். அவள் அசரவே இல்லை. அதே குடிலில் உட்கார்ந்து மேலும் ஒன்பது நாவல் எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அடக்கத்துக்கு வந்தது பதிப்பாளரும், அந்தக் கணக்கரும், மழையும்.

பல வருஷம் கழித்து முதல் நாவல் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்கினார்கள். அன்றிலிருந்து ஹெஸ்டர் எங்கள் எல்லாருக்கும் வேண்டியவள். கசாப்புக்காரரின் பேரன் கடை வாசலில் ‘நாவலில் வரும் கட்டைவிரல் எங்கள் தாத்தாவுடையது’ என்று பலகை மாட்டினான். பொய்முடி யாருக்குச் சேரவேண்டும் என்ற சண்டையில் மருத்துவரின் பேத்திகள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. நாவலில் எந்தக் குடும்பம் அதிகம் அவமானப்பட்டதோ, அதற்குத்தான் இன்று ஊரில் முன்வரிசை. எங்கள் குடும்பத்தைப் பற்றி ஹெஸ்டர் ஒரு வரி எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

மேவிஸ் கதை வேறு. அவள் அம்மா ஆக்னஸ் தபால் நிலையம் நடத்தியவள். நாவலிலும் ஒரு தபால்நிலையத்தம்மா வருகிறாள். சீமைச்சோம்பு போட்ட கேக் சுட்டு உதவிப் பாதிரியாருக்குக் கொடுக்கிறாள். அவர் பல் போகிறது. மிச்சக் கேக்கைக் காற்றடிக்கும் நாட்களில் தேவாலயக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். நாவலிலேயே புகழ்பெற்ற பக்கம் அதுதான். அதை வைத்து ஹெஸ்டர் பெல்லிங் மன்றம் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஊர்க்கூடத்தில் போட்டி நடத்துகிறது. இருப்பதிலேயே கடினமான கேக்குக்கு வெள்ளிக் கோப்பை. மேஜையிலிருந்து கேக்கைத் தரையில் போட்டுச் சத்தம் கேட்பார்கள். கத்தியை இறக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் நடுவர் கடிப்பார். மைதா, சர்க்கரை போன்ற தின்னும் பொருள்தான் போட வேண்டும். ஒரு வருஷம் சிமெண்ட் வாசனை அடித்ததால் வந்த விதி அது.

“எங்கம்மா கேக் பஞ்சு மாதிரி இருக்கும். அந்தப் பொம்பள புளுகினா, நீங்க எல்லாரும் கைதட்டுறீங்க” என்பாள் மேவிஸ். போட்டி நடக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். ஆக்னஸின் கேக்கை அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும், தனக்கும் தம்பி கிளிஃபுக்கும் சுடுவாள். வெளியாருக்கு ஒரு துண்டு கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு வாசனை மட்டும்தான்.

இந்த வருஷம் மே மாதம் மன்றத்தார் பழைய தபால் நிலையத்தின் சுவரில் நீல நினைவுத் தகடு ஒன்று பதித்தார்கள். ‘அந்தக் கேக் சுடப்பட்ட இடம்.’ ஆக்னஸின் பெயர்கூட இல்லை. மேவிஸ் அதைப் படித்தாள், குடையால் ஒரு தட்டுத் தட்டினாள், நேராக என் வாசலுக்கு வந்தாள்.

“நான் போட்டியில கலந்துக்கப் போறேன்.”

“நீயா? கேக் கல்லு மாதிரி இருக்கணும்டீ.”

“எனக்குக் கோப்பை வேணாம். எங்கம்மா எப்படிச் சுட்டாளோ அப்படியே சுட்டு, எல்லார் வாயிலயும் ஒரு துண்டு திணிக்கணும். மெத்துன்னு உள்ள போகும்போது தெரியட்டும் யார் பொய் சொன்னதுன்னு. சாகறதுக்குள்ள எங்கம்மா பேரைக் காப்பாத்தணும், அவ்வளவுதான்.”

எனக்கு வாயெல்லாம் பல். ஊரெல்லாம் சொன்னேன். அன்று கூடத்தில் நிற்க இடமில்லை என்றால் அதில் என் உழைப்பும் உண்டு.

மன்றத் தலைவி ரோசலிண்ட், லண்டனிலிருந்து வந்து குடியேறியவள், ஹெஸ்டரின் பத்து நாவலையும் மனப்பாடமாக ஒப்பிப்பவள். மேவிஸைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆக்னஸோட மகளே வந்திருக்கீங்க! எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?”

“பொறுத்திருந்து பாரும்மா” என்றாள் மேவிஸ்.

நடுவர் எங்கள் பாதிரியம்மா ஓல்வென். முதலில் வந்த கேக்குகள் வழக்கம்போல. ஒன்று விழுந்து உடைந்தது. ஒன்று ‘தொப்’ என்றது. கசாப்புக்காரரின் பேரனுடையது நல்ல சத்தம் கொடுத்தது, ஆனால் கத்தி இறங்கிவிட்டது. பிறகு மேவிஸின் கேக். பொன்னிறம், மேலே அழகாக வெடித்த ஒரு கீறல். பார்த்தால் யாருக்கும் நாக்கில் நீர் ஊறும். பாவம், இவள் தோற்றே ஜெயிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பாதிரியம்மா அதைக் கீழே போட்டார். ‘டொக்.’

கூடத்தின் மரத்தரை முனகியது. கேக் ஒரு பொடிகூட உதிராமல் உருண்டு போய் ரோசலிண்டின் காலடியில் நின்றது. கத்தி இறங்கவில்லை. ரொட்டி அறுக்கும் ரம்பக் கத்தி கொண்டுவந்தார்கள். ஒரு துண்டு அறுத்துக் கடித்த பாதிரியம்மா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டவரின் பெயரைச் சொன்னார். பிரார்த்தனையாகச் சொன்னது போலத் தோன்றவில்லை.

கைதட்டல் கூரையைத் தொட்டது. மேவிஸ் மட்டும் ஒரு துண்டை எடுத்து, சர்வசாதாரணமாகக் கடித்து மென்றாள். “நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் ஏன் இப்படி நடிக்கிறீங்க? டேய் கிளிஃப், நீ சொல்லுடா. வருஷா வருஷம் நீ திங்கிற கேக்குதானே?”

கிளிஃப் தொப்பியைக் கையில் உருட்டினார். “அக்கா… நான் அதைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவேன்.”

“போயி?”

“ஆத்துல வாத்துக்குப் போடுவேன்.”

“வாத்து தின்னுச்சா?”

“அது மூழ்கிடும்க்கா.”

கூடம் சிரித்தது. மேவிஸின் முகம் வெளுத்துப்போனது. எனக்கே சிரிப்பு பாதியில் நின்றது. தன் அம்மாவின் பெயரைக் காப்பாற்ற வந்தவள், ஹெஸ்டர் எழுதியது சொல்லுக்குச் சொல் உண்மை என்று ஊரைக் கூட்டி நிரூபித்துவிட்டாள்.

பாதிரியம்மாதான் கேட்டார். “மேவிஸ், இதுல எத்தனை முட்டை போட்டீங்க?”

“முட்டையா? கேக்குல எதுக்கு முட்டை? எங்கம்மா போட மாட்டா.”

“வெண்ணெய்?”

“ஒரு கட்டைவிரல் அளவு. சர்க்கரை ரெண்டு கரண்டி. மிச்சம் மாவும் தண்ணியும். ஒரு மாசம் கெடாம இருக்கணும்னு நல்லா சுடுவா.”

கூடத்தில் எழுபது தாண்டிய தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். அது ரேஷன் கேக். போர் முடிந்தும் வருஷக்கணக்கில் முட்டையும் வெண்ணெயும் அட்டைக்கு அளந்துதான் வந்தன. மற்ற அம்மாக்கள் ரேஷன் ஒழிந்த அன்றே பழையபடி சுட ஆரம்பித்தார்கள். ஆக்னஸ் மாறவில்லை. மேவிஸுக்குக் கேக் என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது.

“அப்போ ஹெஸ்டர் வந்த புதுசுல, உங்கம்மா வீட்டு ரேஷன் வெண்ணெயையும் சர்க்கரையையும் எடுத்து, முன்ன பின்ன தெரியாதவளுக்குக் கேக் சுட்டுக் கொடுத்திருக்காங்க” என்றார் பாதிரியம்மா, இன்னும் கன்னத்தை விடாமல்.

“பின்னே? வீட்டுக்கு வந்தவளை வெறும் வாயோட அனுப்புவாளா எங்கம்மா?”

“இதை ஹெஸ்டர் எழுதல” என்றாள் ரோசலிண்ட் மெதுவாக. பத்து நாவலையும் மனப்பாடம் செய்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்து பழக்கமில்லை. “ஏண்டி மேவிஸ், அப்போ ஊர்ல வீட்டுக்கு ஒருத்தி கேக் சுட்டா. எங்கம்மாவும் சுட்டா, நல்லாவே சுட்டா. யாராவது பேசுறாங்களா? உங்கம்மா கேக்கை ஜப்பான்லேருந்து வந்து படம் எடுக்கிறான்.”

மேவிஸ் என்னைப் பார்த்தாள், தரையில் கிடந்த கேக்கைப் பார்த்தாள். பிறகு அவள் வாயோரம் ஆட ஆரம்பித்தது. “மூழ்கிடுமாடா?” என்று கிளிஃபைக் கேட்டாள். “கல்லு மாதிரிக்கா” என்றார் அவர். அவ்வளவுதான், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கோப்பையை நீட்டினார்கள். கையைக் கட்டிக்கொண்டாள். “என் பேரைப் பொறிக்கக் கூடாது. ஆக்னஸ் டக்கெட்னு பொறிக்கணும். அந்தத் தகட்டுலயும்.”

“போட்டி விதிப்படி இறந்தவங்க கலந்துக்க…” என்று ரோசலிண்ட் இழுத்தாள்.

“பல் என்னோடது, தீர்ப்பும் என்னோடது. ஆக்னஸ் டக்கெட்” என்றார் பாதிரியம்மா.

அன்று மேவிஸ், எல்லாருக்கும் என்று கூடை நிறையச் சுட்டுக் கொண்டுவந்திருந்த கேக்குகளோடு வாசலில் நின்று, போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ரம்பக் கத்தி பிடித்த கிளிஃபுக்குத் தோள் வலியே வந்துவிட்டது. ஒருவரும் மறுக்கவில்லை. இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த கேக், ஒரே சாயங்காலத்தில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. “தின்னியா?”

ஹெஸ்டராக இருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாள். அவளுக்குப் புகழ் வேண்டியிருந்தது. எனக்குப் பக்கத்து வீடு வேண்டும்.

“பிரமாதம்டீ” என்றேன்.

“அப்படியா? இரு, இன்னொண்ணு அடுப்புல இருக்கு.”